நாலு தடவை கீழே

பெயர் ஹில்டா, வயது 37, கணவர் பெயர் நெல்சன், கோணத்து வீடு, துறைமுகச் சாலை, முனம்பம், எர்ணாகுளம் மாவட்டம். தொழில் செல்போன் பழுது பார்த்தல். டிசம்பர் இரண்டாம் தேதி காலை பதினொன்றரை மணிக்குக் கடலோரக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் முன்பாகச் சொன்னது:

நான் மேற்படி முகவரியில் கணவருடன் குடியிருக்கிறேன். துறைமுக வாசலுக்கு எதிரே பதினோரு வருடமாகச் செல்போன் கடை நடத்தி வருகிறேன். கடையில் வேறு ஆள் இல்லை. சென்ற நவம்பர் பதினாறாம் தேதி வியாழக்கிழமை விடியுமுன் பெயர் தெரியாத ஒரு கப்பல் பீயூஸ் என்பவருடைய வள்ளத்தில் மோதிய வழக்கில் என்னைச் சாட்சியாக அழைத்திருக்கிறார்கள். பீயூஸின் போன் உப்புத் தண்ணீரால்தான் கெட்டதா, ஆமாம் என்றால் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன், ஐந்து நிமிட வேலை என்று ஐயா சொன்னார். ஐந்து நிமிடத்தில் முடியாது, முதலிலிருந்து சொல்கிறேன் என்றேன்.

அன்று காலை எட்டு இருபதுக்கு நான் ஷட்டரைப் பாதி தூக்கும்போதே பீயூஸின் தம்பி ஷைஜுவும் பீயூஸின் மனைவி லிஜியும் வந்தார்கள். ஷைஜுவை ஒன்றரை மணி நேரத்துக்கு முன்புதான் ஒரு விசைப்படகு கடலிலிருந்து தூக்கியிருந்தது. யாரோ கொடுத்த சட்டையைப் போட்டிருந்தான், அது பொத்தான் மாறிப் போட்டிருந்தது. உதடு வெடித்து, கை விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தான். உறைக்குள் பீயூஸின் போனும் ஒரு கரண்டி அளவு கடல்தண்ணீரும் இருந்தன.

ஷைஜு என்னிடம் சொன்னது என்னவென்றால், அண்ணன் அன்றைக்கு வழக்கமான இடத்தை விட்டுப் புது இடத்துக்குப் போனான், போகும் வழியில் ஷைஜு தூங்கிவிட்டதால் அவனுக்கு இடம் தெரியாது. வலையை நங்கூரம் போட்டு இறக்கி, வள்ளத்தை வலையோடு கட்டியிருந்தார்கள். மூன்று மணிக்குக் கப்பல் உரசியதில் வள்ளம் கவிழ்ந்தது, இடமும் திசையும் காட்டும் கருவியும் மூழ்கிப்போனது. பீயூஸுக்குக் கால் முறிந்தது. கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு, போனிலிருந்து தான் இருக்கும் இடத்தை லிஜிக்கு அனுப்பினார். அங்கே சிக்னல் கிடையாது. அனுப்பியது போனிலேயே காத்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு போனை உறையில் போட்டுத் தம்பியிடம் கொடுத்து, டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு படகு விளக்குகளைப் பார்த்து நீந்தச் சொன்னார். அவர் சொன்ன வார்த்தையை ஷைஜு அப்படியே சொன்னான். "கரைப்பக்கம் போனா அது தன்னால போயிடும்டா. நான் எங்கேயும் போகல, வலையோட கட்டிக் கிடக்கேன். நீ போ."

அதாவது ஆள் இருக்கும் இடம் அந்தப் போனுக்குள் இருந்தது, வேறு எங்கும் இல்லை. ஷைஜு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீரோட்டத்தில் போய்விட்டதால் அவனைத் தூக்கிய இடத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. கடலோரக் காவல்படையும் நம் துறைமுகத்துப் படகுகளும் குத்துமதிப்பாகத் தெற்கே தேடிக்கொண்டிருந்தன. போன் தானாக அதிரும், கம்பெனி எழுத்து வரும், அணையும், மறுபடி அதிரும். அதற்கு மேல் போகவில்லை.

லிஜி தன்னுடைய போனைக் கையில் வைத்து, விளக்கு அணையாமல் கட்டை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தாள். "சேச்சி, இது ஒரு நிமிஷம் உயிரோட இருந்தாப் போதும்ல? எனக்கு வந்துடும்ல?" என்றாள். வந்துவிடும் என்றேன். அது பொய்யல்ல. என் கடையைப் பற்றித் துறைமுகத்தில் "ஹில்டா கை வெச்சா செத்த போனும் மணியடிக்கும்" என்று கேலியாகச் சொல்வார்கள். கேலிதான், ஆனால் நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பின்பு நான் போனைச் சூடு காட்டிப் பின் மூடியைத் திறந்தேன். பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டை ஆல்கஹால் திரவத்தில் பிரஷ் போட்டுக் கழுவி, ஊதுகாற்றில் காய வைத்தேன். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவசரப்பட்டால் பொறி கிளம்பி மொத்தமும் போய்விடும். ஷைஜுவுக்கு அது புரியவில்லை. "தலைமுடி காய வெக்கிற மாதிரி நிக்கிறீங்க! அண்ணன் அங்கே வெயில்ல கிடக்கான் சேச்சி!" என்று கத்தினான். நானும் சும்மா இருக்கவில்லை. "வாயை மூடிட்டு உட்காருடா. உன் அண்ணனுக்காகத்தான் நிக்கிறேன், எனக்கு வேண்டுதலா?" என்றேன். அவன் உட்கார்ந்தான். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதன் பிறகு பேட்டரியை மாட்டிப் பார்த்ததில் மறுபடியும் கம்பெனி எழுத்தோடு நின்றது. போர்டு சரியாகிவிட்டது, உள்ளே இருக்கும் மென்பொருள்தான் பாதியில் அறுந்து சிக்கியிருக்கிறது என்று முடிவு செய்தேன். இப்படிப்பட்ட போனை ரெக்கவரி என்கிற பழுதுநீக்கும் திரைக்குக் கொண்டுபோய், தற்காலிகக் குப்பையை மட்டும் துடைத்துவிட்டால் எழுந்துகொள்ளும். உள்ளே உள்ள செய்திகளுக்கு ஒன்றும் ஆகாது. அந்தத் திரைக்குப் போக ஒலியைக் கூட்டும் பட்டனையும் போனை எழுப்பும் ஓரப் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தேன், போகவில்லை. ஏழு தடவை பிடித்தேன், போகவில்லை. அந்த வகைப் போனுக்குக் கம்ப்யூட்டரோடு கேபிள் போட்டிருந்தால்தான் திரை வரும் என்பதால் கேபிளும் போட்டேன், அப்போதும் வரவில்லை.

அப்போது ஒன்பதரை மணி. கடை வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் டார்ச் அடித்தார், இன்னொருவர் அரிசிப் பானையில் போட்டு வைக்கச் சொன்னார். எனக்கு வியர்த்துக் கண்ணில் இறங்கியது. பயமாக இருந்தது. பட்டன்களைப் போர்டோடு இணைக்கும் மெல்லிய பட்டையை உரித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, ஒலியைக் கூட்டும் பட்டனுக்குக் கீழே பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. நான் விரல் வலிக்க அழுத்தியதெல்லாம் செத்த பட்டனை. உடைந்த போன்கள் போட்டு வைத்திருக்கும் வாளியைத் தரையில் கவிழ்த்து, அதே வகையில் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் பட்டையைப் பிரித்துப் பீயூஸின் போனில் மாட்டினேன்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு ரெக்கவரித் திரை வந்தது. கறுப்புத் திரையில் சின்னச் சின்ன எழுத்தாக வரிசை. வாசலில் நின்ற ஆட்கள் கைதட்டினார்கள். ஷைஜு என் தோளைப் பிடித்துக்கொண்டு "கர்த்தாவே" என்றான்.

இனி நான் சொல்லப்போவது நான் மட்டும் அறிந்தது. அந்தத் திரையில் தொடுதல் வேலை செய்யாது, பட்டன்தான். ஒலியைக் குறைக்கும் பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கும். நாலு தடவை அழுத்தினால் முழுவதையும் அழிக்கும் வரி. ஐந்து தடவை அழுத்தினால் குப்பையை மட்டும் துடைக்கும் வரி. இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டிலும் ஓரப் பட்டனை அழுத்தினால் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும், ஒரு தடவை கீழே இறங்கி மறுபடி ஓரப் பட்டனை அழுத்தினால் முடிந்தது. பூட்டின் எண்ணை மறந்துவிட்டு வருகிறவர்களுக்கு நான் தினமும் ஏழெட்டுப் போனை முழுவதும் அழித்துக் கொடுக்கிறேன். பதினோரு வருடமாக அதுதான் எனக்குச் சோறு. நாலு தடவை கீழே, ஓரம், ஒரு தடவை கீழே, ஓரம். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். வாடிக்கையாளரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்வேன்.

அன்றைக்கும் லிஜி "இனி எவ்வளவு நேரம் சேச்சி?" என்று கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்து "இதோ, ரெண்டே நிமிஷம் மோளே" என்றேன். சொல்லி முடிக்கும்போது கை வேலையை முடித்துவிட்டது. நாலு தடவைதான் அழுத்தியது. லிஜி பேச்சுக் கொடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று எழுத வேண்டாம். யாரும் பேசாவிட்டாலும் அந்தக் கை அப்படித்தான் போயிருக்கும்.

திரும்பிப் பார்த்தபோது திரையின் அடியில் அழித்தாயிற்று என்ற வரி இருந்தது. இந்தக் காலத்துப் போன்களில் அழித்ததை மீட்க வழியில்லை. வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் கடைக்குப் போக வேண்டாம். நான் போனை மறுபடி துவக்கினேன். போன் நன்றாக எழுந்தது. புதுப் போனைப்போல வணக்கம் சொல்லி, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. லிஜி எட்டிப் பார்க்குமுன் இடது கையால் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கினேன். திரை கறுத்தது.

அதன் பிறகு நான், "போச்சு. உப்பு தின்னுடுச்சு" என்றேன்.

லிஜி தன் போனைத் தொடுவதை நிறுத்தவில்லை. ஷைஜு மேசைமேல் தலையை வைத்துக்கொண்டான். பின்பு எழுந்து, "சேச்சி பாவம், வந்ததுலேர்ந்து நிக்கிறாங்க, தண்ணி குடுங்க" என்று வாசலில் நின்றவர்களிடம் சொன்னான். குடித்தேன். பின்பு இருவரும் துறைமுகத்துக்குப் போனார்கள். போன் என்னிடமே இருந்தது.

மூன்று நாள் கழித்து, பத்தொன்பதாம் தேதி, விசைப்படகுக்காரர்கள் சிலர் கவிழ்ந்த வள்ளத்தைக் கண்டார்கள். தேடிய இடத்துக்கு ஒன்பது மைல் வடக்கே, வலையோடு கட்டியபடியே நின்றது. பீயூஸ் தன்னை வள்ளத்தின் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். பதினேழாம் தேதி மதியத்துக்கு முன் உயிர் போயிருக்காது என்று மருத்துவர் எழுதியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். போன் என் கையில் உயிரோடு இருந்தது பதினாறாம் தேதி காலை பத்தே கால் மணிக்கு. நம் துறைமுகத்துப் படகுக்கு அந்த இடம் இரண்டரை மணி நேர ஓட்டம்.

ஏழாம் நாள் பூசை முடிந்து ஷைஜு என் வீட்டுக்கு வந்தான். அண்ணன் போன பிறகு முதல் தடவையாக வேறு ஒருவரின் வள்ளத்தில் போயிருக்கிறான், தன் பங்கில் கிடைத்த நெய்மீனை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்தான். லிஜி கொடுத்துவிடச் சொன்னாளாம். "எங்களுக்காக அவ்வளவு போராடினது நீங்க ஒருத்திதான்" என்றான். கணவர் குழம்பு வைத்தார். நான் சாப்பிட்டேன் ஐயா. சாப்பிட்டதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று இந்த நிலையத்துக்கு என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்ததும் ஷைஜுதான். என்னைச் சாட்சியாகச் சேர்க்கச் சொன்னதும் அவன்தான். கப்பல் மோதி, தண்ணீர் புகுந்து, போன் செத்தது, அதனால் அண்ணன் செத்தான் என்று நான் சொன்னால் வழக்கு பலப்படும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். பயப்படாதீங்க சேச்சி, இருக்கிறதைச் சொன்னாப் போதும் என்று வரும் வழியெல்லாம் எனக்குத் தைரியம் சொன்னான்.

இதுவரை கேட்ட பிறகு ஐயா பேனாவை வைத்துவிட்டு, இதில் உங்கள் மேல் போட ஒரு பிரிவும் இல்லை, யானைக்கும் அடி சறுக்கும், உப்பு என்றே இருக்கட்டுமே என்றார். யானை சறுக்கினால் யானைதான் விழும் என்று சொன்னேன். கப்பல் மோதியது உண்மை, அதன் குற்றம் அதற்கு. என்னுடையதை அதன் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. பீயூஸின் போனை இத்துடன் ஒப்படைக்கிறேன். அது இப்போதும் நன்றாக வேலை செய்கிறது.

நான் சொன்னபடியே எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவும் இல்லை. ஷைஜு வெளியே பெஞ்சில் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனை உள்ளே கூப்பிட்டு இதை முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். என் வாயால் சொல்ல இரண்டு தடவை முயன்றேன், முடியவில்லை. வாசித்து முடியும்வரை நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

(ஒப்பம்)
ஹில்டா நெல்சன்