மிஞ்சி நின்ற நட்சத்திரம்

— பெட்டி நிறைஞ்சிடுச்சு. உங்க அக்காவோட கண்ணாடி, சால்வை, செருப்பு எல்லாம் எடுத்தாச்சு. எழுந்திரும்மா. அவ போய் ஒரு மாசம் ஆச்சு, இந்த ரூம்ல இன்னும் மூச்சு முட்டுது எனக்கு.

— கொஞ்சம் இருங்க. அவ ஆராய்ச்சிக்குக் கேட்டு வச்சிருந்த படம் இன்னைக்குத்தான் டெலஸ்கோப்புலேர்ந்து வந்திருக்கு. பாருங்களேன்.

— வெடிச்சுப் போச்சுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாளே, அந்த நட்சத்திரமா? எனக்கு ஒரு புள்ளிதான் தெரியுது.

— அந்தப் புள்ளிதாங்க விஷயம். வெடிச்ச வெளிச்சம் இப்பதான் அடங்கியிருக்கு. அடங்கினதும் பார்த்தா, அங்க இன்னொண்ணு நிக்குது. ஜோடி.

— முன்னாடி தெரியலையா?

— ரெண்டும் சேர்ந்து ஒரே புள்ளியாத்தான் தெரிஞ்சுது. கூடவே பொறந்ததுங்க. பெருசு வயசாகி ஊதிக்கிச்சு. பக்கத்துல இருந்தது அதோட மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிக்கிச்சு. கடைசியில சின்னது பெருசாயிடுச்சு. பெருசு, உரிச்செடுத்த மாதிரி வெறும் உள்கருவா நின்னுச்சு.

— அடப்பாவமே. அப்ப வெடிச்சது எது?

— பளிச்சுன்னு தெரிஞ்சதுதான் வெடிச்சுதுன்னு எல்லாரும் எழுதிட்டாங்க. அது இதோ நிக்குது. போனது மெலிஞ்சது. நிக்கிறது மேல செத்ததோட தோல் இன்னும் இருக்கு.

— சரி சரி, போதும். உடம்பு சிலிர்க்குது. ஏம்மா, அவ நட்சத்திரம்னு ஆரம்பிச்சாலே நீ தூங்கி விழுவியே? இதெல்லாம் எப்ப கத்துக்கிட்டே?

— அன்னைக்கு கார்ல சொல்லிக்கிட்டே வந்தா.

— கார் கவிழ்ந்து உருள்ற வரைக்குமா?

— உருள்ற வரைக்கும்.

— ம்... சரி, அவளோட இந்தக் கம்ப்யூட்டர் பூட்டிக் கிடந்துதே. ஆபீஸ்காரங்களே முடியாதுன்னு கையை விரிச்சுட்டாங்க. நீ எப்படித் திறந்தே?

— விரல் வச்சேன். திறந்துக்கிச்சு.

— அவ ரேகைக்குத்தானே அது திறக்கும்?

— ரெட்டையாப் பொறந்தவங்கதானே நாங்க. முகம் ஒண்ணு, குரல் ஒண்ணு. ரேகையும் ஒண்ணா இருந்துட்டுப் போகுது.

— ரேகை ஒண்ணா இருக்காது. எந்த ரெட்டைக்கும் இருக்காது. எங்க, கையைக் காட்டு.

— ஏங்க, பெட்டியை முதல்ல கீழ வைங்க.

— ஒரு மாசமா என் பொண்டாட்டின்னு என் வீட்டுல இருக்கிறது யாரு?

— உக்காருங்க மாப்பிள்ளை. என் தங்கச்சி வலி தெரியாமத்தான் போனா.