பதினேழு நாளில் பாடம் முடித்த எங்கள் ஆங்கில ஆசிரியைக்கு

பேரன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய ஆங்கில ஆசிரியை அம்மையார் அவர்களுக்கு, உங்களோடு ஒரே மணியோசைக்கு எழுந்து ஒரே மணியோசைக்கு அமர்ந்த ஆசிரியர்களும் அலுவலகத்தாரும், நீங்கள் பணி நிறைவு காணும் இன்று எழுந்து நின்று படித்தளிக்கும் பாராட்டு மடல்.

அச்சம் அகற்றிய அன்னையே!

ஆங்கில இலக்கணம் என்றால் இரண்டு நாள் காய்ச்சல் கண்டு, கவிதை என்றால் கடைசி பெஞ்சு தேடி ஓடிய பிள்ளைகளை, முப்பத்து நான்கு ஆண்டுகளாக மாடியின் மூலை வகுப்பறையில் அமர்த்தி, அதட்டி, அணைத்து, எழுத வைத்து, தேற வைத்து அனுப்பிய உங்கள் திறத்தை எம்மொழியால் புகழ்வோம்! தமிழால் புகழ்கிறோம். பிழையிருந்தால் வழக்கம்போல் சிவப்பு மையால் சுழித்துத் தாருங்கள்.

பயிற்சியின் பேரரசியே!

இறுதித் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பெரிய கூடத்தில் மேசைக்கு மேசை எண் ஒட்டி, காவலாளியை நிறுத்தி மணியடித்து, உண்மைத் தேர்வையே ஒத்திகை பார்ப்பவர் நீங்கள். "பேனாவைக் கீழ வை. கேள்வியை ரெண்டு தடவை படி. இப்போ எடு" என்று நீங்கள் சொல்லும்போது, அந்தப் பக்கமாகப் போகும் நாங்களும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம். விடைக் கையேட்டைக் கொண்டுவந்தவன் கதி அதோகதி. "கைடை மூடு. கவிதையை முதல்ல காதால கேளு. புரியலையா? மறுபடி கேளு. அவசரம் என்ன, ரயிலா போகுது?" என்று கேட்டுக் கேட்டே இலக்கியத்தை அவர்கள் நெஞ்சில் இறக்கியவர் நீங்கள்.

இலக்கணத்தையோ எங்கள் தலையில் இறக்கினீர்கள்! ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் பயிற்சிக்கு, "புத்தக வாக்கியம் வேண்டாம், இந்த வாரம் பள்ளிக்கூடத்துல நீங்க கேட்டதையே எழுதுங்க" என்று பணித்தீர்கள். அதன் பலனாக, தமக்குக் காய்ச்சல் இல்லையென்றும் மச்சினர் கல்யாணத்துக்குப் போகவே விடுப்பு எடுக்கப் போவதாகவும் ஓவிய ஆசிரியர் கணக்கு ஆசிரியரிடம் தெரிவித்தார் என்று ஒரு மாணவி பிழையே இல்லாமல் எழுதிவிட்டாள். முழு மதிப்பெண் போட்டு அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய வள்ளலும் நீங்களே. அன்று முதல் இந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் தாழ்வாரத்தில் வாய் திறப்பதில்லை.

பழி சுமந்த பெருமாட்டியே!

இந்த இடத்தில் மடலின் நடை மாறுகிறது. அவையோர் பொறுத்தருள்க. இதுவரை 'நாங்கள்' என்று எழுதியவன், இனிக் கொஞ்ச தூரம் 'நான்' என்று எழுத வேண்டியிருக்கிறது. நான் இந்தப் பள்ளியின் தமிழாசிரியன். மடல் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தபோது, பதினோரு ஆண்டுகளாக விழுங்கி வைத்திருந்த ஒன்றை உடன் பணியாற்றுவோரிடம் சொன்னேன். பிறகு உடற்பயிற்சி ஆசிரியர்தான், "அப்ப அதை மடல்லயே எழுதுங்க சார், எல்லாரும் கேக்கட்டும்" என்றார்.

நம் பள்ளிக்கு வரும் சுற்றறிக்கைகளை ஒரு பதிவேட்டில் ஒட்டி, அலுவலக உதவியாளர் அறை அறையாகக் கொண்டுவருவார். படித்ததற்கு அடையாளமாகத் தத்தம் பெயருக்கு நேரே கையெழுத்திட வேண்டும். நாமோ படிப்பதில்லை, கையெழுத்து மட்டும் இடுவோம். பக்கத்து நாற்காலிக்காரர் வகுப்பில் இருந்தால் அவருக்கும் சேர்த்து நாமே போட்டுவிடுவோம். அது நமக்குள் ஓர் உதவி. பதினோரு ஆண்டுக்கு முன், கல்வியாண்டின் தொடக்கத்தில், இறுதி வகுப்பு ஆங்கிலத்தில் ஒரு நாடகத்தை நீக்கி, இரண்டு கவிதைகளையும் ஒரு கதையையும் சேர்த்ததாக ஒரு சுற்றறிக்கை வந்தது. நீங்கள் மாடியில் வகுப்பில் இருந்தீர்கள். தேர்வுத் தேதியாக்கும் என்று நினைத்து, உங்கள் பெயருக்கு நேரே உங்களைப் போலவே சாய்த்து, பக்கத்து நாற்காலிக்காரனான நான் கையெழுத்திட்டேன். சாப்பாட்டு வேளையில் சொல்லலாம் என்றிருந்தேன். சொல்லவில்லை.

நீங்கள் ஆண்டு முழுவதும் அந்த நாடகத்தையே நடத்தினீர்கள். தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, கேள்வி கேட்டே பெயர் வாங்கிய 'கொக்கி' என்ற மாணவி எழுந்து, "டீச்சர், எங்க அத்தை பொண்ணு வேற ஸ்கூல்ல படிக்கிறா. அவ நோட்டுல இருக்கிற கவிதை நம்ம நோட்டுல இல்லவே இல்லையே?" என்றாள். வகுப்பு சிரித்ததாம். நீங்கள் சிரிக்கவில்லை. நாற்பத்து மூன்று பிள்ளைகளின் தேர்வு உங்கள் கண்முன் ஆடியிருக்கும்.

அன்றைய தலைமையாசிரியர் பதிவேட்டை விரித்தார். வருகைக் கணக்கு கொடுக்க வந்து நானும் அங்கே நின்றிருந்தேன். "டீச்சர், இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். "ஆமா சார். கவனிக்காம விட்டது என் தப்புதான்" என்றீர்கள். நான் வருகைக் கணக்கை மேசையில் வைத்தேன். தாழ்வாரத்தில் உங்கள் பின்னாலேயே ஓடிவந்தேன். "தமிழய்யா, உங்களுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை. வீட்டுல மாசமா இருக்காங்க. எனக்கு ஒரு மெமோ வந்தா ஒண்ணும் குடி முழுகிடாது. போங்க, மணி அடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனீர்கள். நானும் போய்ப் பாடம் நடத்தினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடத்தினேன்.

அடுத்த பதினேழு நாளை இந்தப் பள்ளியில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பள்ளி திறக்க ஒரு மணி நேரம் முன்னும், விட்டபின் காவலாளி சாவியைக் குலுக்கும் வரையிலும், அறிவியல் ஆய்வகத்தில் உங்கள் வகுப்பு. மாடிப்படி இருபத்திரண்டிலும், படியின் முகப்பில் ஒரு வரி, மிதியில் ஒரு வரியாக அந்தக் கவிதைகளைச் சுண்ணக்கட்டியால் எழுதினீர்கள். பிள்ளைகள் ஏறும்போது ஒரு கவிதை, இறங்கும்போது மற்றொன்று. உடற்பயிற்சி ஆசிரியர் மூன்றாம் நாளே, "டீச்சர், எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. நானும் பரீட்சை எழுதட்டுமா?" என்றார். கதையை மட்டும் நீங்கள் ஏழு முறை வாசித்துக் காட்டியதில் குரல் போய், எட்டாம் முறை கொக்கி வாசிக்க, நீங்கள் பக்கத்தில் நின்று தலையசைத்தீர்கள்.

நாற்பத்து இரண்டு பேர் தேறினார்கள். ஒருத்தி தவறினாள். தையற்காரரின் மகள். அவள் வீடு தேடிப் போய், "பொண்ணைத் திட்டாதீங்க. தப்பு அவ மேல இல்லை, எங்க மேல" என்று அந்தத் தகப்பனிடம் சொல்லி, மறுதேர்வு வரை சனிக்கிழமைதோறும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். தேறினாள். இன்று அவளும் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள்.

மெமோ மட்டும் உங்கள் பணிப்பதிவேட்டிலேயே தங்கிவிட்டது. குடி முழுகாது என்றீர்கள். மூன்று ஆண்டு கழித்துத் தலைமையாசிரியர் பட்டியல் வந்தபோது, அந்த ஒற்றைத் தாளைக் காட்டித்தான் உங்கள் பெயரை விலக்கினார்கள். உங்களுக்கு நான்கு ஆண்டு இளையவரான நம் இன்றைய தலைமையாசிரியை, முதல் நாள் அந்த நாற்காலியில் உட்காரக் கூசி நின்றபோது, நீங்கள்தான் தோளைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். நான் கதவோரம் நின்று கைதட்டினேன். அன்றாவது வாயைத் திறந்திருக்க வேண்டும்.

நடந்ததையெல்லாம் சென்ற மாதம் எழுதிக் கையெழுத்திட்டு மேலதிகாரிகளுக்கு அனுப்பினேன். தலைமையாசிரியை தம் குறிப்பையும் சேர்த்தார். நேற்று மதியம் பதில் வந்தது: உங்கள் மீதான மெமோ நீக்கப்பட்டது. அதன் நகல் இந்த மடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. என்னிடம் விளக்கம் கேட்டும் ஒரு தாள் வந்திருக்கிறது. எனக்கு வர வேண்டியது எனக்கு வந்தது, அதற்காக நீங்கள் வருந்த வேண்டாம். ஆனால் அம்மா, உங்களுக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியைத் திருப்பித் தர எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை. விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

நன்றிக்குரிய நல்லுள்ளமே!

மீண்டும் 'நாங்கள்' என்கிறோம். இனி உங்கள் காலைகள் கடிகாரத்துக்கு அஞ்சாது விடியட்டும்! விடைத்தாள் பார்த்துச் சிவந்த விழிகளுக்கு விருப்பமான நூல்கள் வாய்க்கட்டும்! கத்திக் கத்திக் கரகரத்த தொண்டைக்குப் பேரப்பிள்ளைகளின் பெயர் சொல்லி அழைக்கும் வேலை மட்டும் மிஞ்சட்டும்! நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு நிறைந்து, உங்களால் தேறிய ஆயிரமாயிரம் பேரின் வணக்கத்தை ஒவ்வொரு தெருமுனையிலும் பெற்று நீடு வாழ்க!

சட்டமிட்ட இந்த மடல் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். வருகிறவர் போகிறவர் எல்லாரும் தமிழாசிரியனாகிய நான் செய்ததைப் படிக்கட்டும். அதற்காகவே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். கரும்பலகையை அழிக்காமல் போனாலே நாலு பேர் முன்னால் என்னைக் காய்ச்சி எடுக்கும் நீங்கள், இதற்கு மட்டும் பதினோரு ஆண்டுகளில் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. விழா முடிந்ததும் ஆசிரியர் அறையில் காத்திருப்பேன். கிளம்புமுன் ஒரே ஒரு தடவை, வாய் நிறையத் திட்டிவிட்டுப் போங்கள் அம்மா.

என்றும் உங்கள் அன்பிற்குக் கடமைப்பட்ட
ஆசிரியர்கள், அலுவலகத்தார்

அவர்கள் சார்பில் எழுதிப் படித்தவன்,
தமிழாசிரியன்