நாற்பத்து மூன்று சான்றிதழ்களும் ஒரு நாற்காலியும்

பயிலரங்குகளில் கொடுக்கும் பிஸ்கட்டைப் பற்றி யாரும் புகார் எழுதுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா ஐயா? தட்டில் வைத்த பத்தாவது நிமிடம் நமுத்துவிடும். 'நூலகர்களின் மாறிவரும் பங்கு' என்று மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். பங்கு வருடா வருடம் மாறும், பிஸ்கட் மாறாது. நான் ஒரே ஒரு முறை போனேன், அதுவும் அரை நாள். அதற்குப் பிறகு எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு எந்தப் பயிற்சிக் கடிதம் வந்தாலும் துணை நூலகர் பெயரையே எழுதி அனுப்பினேன்.

இதை 'திட்டமிட்டு அப்புறப்படுத்தினார்' என்று முதல் குற்றச்சாட்டாகப் போட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். 'ஊக்குவித்தார்' என்று போட்டால் இப்போதே கையெழுத்திடுகிறேன்.

அந்த அம்மா நூலகத்தில் இருந்தால் வேலை நடக்கும். அதுதான் சிக்கல். காலையில் வந்ததும் என் மேசை முன்னால் நிற்பார்.

"சார், திரும்பி வந்த புத்தகமெல்லாம் மூணு வாரமா தள்ளுவண்டியிலயே கிடக்குதே. அடுக்க ஆரம்பிக்கட்டுமா?"

"தாராளமா அடுக்கலாம்மா. அதுக்கு முன்னாடி நாலு நாள் பயிற்சி ஒண்ணு வந்திருக்கு, போயிட்டு வந்துடு."

"இப்பதானே சார் வந்தேன்? பையைக்கூட இன்னும் பிரிக்கல."

"நல்லதாப் போச்சு. பிரிக்காதே."

இப்படி ஆறு வருடம். அவருக்கு நாற்பத்து மூன்று சான்றிதழ்கள், எனக்கு நிம்மதி. கொள்வோருக்கும் கொடுப்போருக்கும் கட்டுப்படியான ஏற்பாடு.

அந்த ஆறு வருடமும் நான் பொறுப்பு நூலகர். அதாவது நாற்காலி என்னுடையதல்ல, உட்கார மட்டும் விட்டிருந்தார்கள். திடீரென்று நிரந்தர நூலகர் பதவிக்கு அறிவிப்பு வந்தது. தகுதியுள்ளவர்கள் நாங்கள் இருவர் மட்டும். ஒவ்வொரு பயிற்சிச் சான்றிதழுக்கும் ஒரு மதிப்பெண். என் கையாலேயே எனக்குப் போட்டியை வளர்த்துவிட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. என் மனைவி விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்தாள்.

"அவங்களுக்கு நாப்பத்து மூணு, உங்களுக்கு ஒண்ணு. அதுலயும் பாதி நாள். சட்டைக்கு இஸ்திரி வேற போடணுமாக்கும்?"

நேர்காணல் கடிதங்கள் இரண்டும் என் வழியாகத்தான் வந்தன. அவருடையதை ஒரு கோப்பில் வைத்தேன். கோப்பை அலமாரியில் வைத்தேன். ஒளித்தேன் என்கிறீர்கள். போய்ப் பாருங்கள், ஒரு மடிப்புகூட விழாமல் இருக்கிறது. நேர்காணல் அன்று அவர் வெளியூரில், நேர மேலாண்மைப் பயிற்சியில் இருந்தார்.

தேர்வுக் குழுவில் மூவரும் வெளியூர்க்காரர்கள். தலைவர் நல்ல மனிதர், அதுதான் வினையாகிவிட்டது.

"இன்னொருத்தங்க வரலையா? ஊர்ல இல்லன்னா சொல்லுங்க, அவங்களுக்கு வேற தேதி குடுத்துடலாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கைக்குட்டையை எடுத்தேன். வலப்பக்கம் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். இடப்பக்கம் இருந்தவர் "அடடா" என்றார். மற்றதை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அன்று மாலையே ஆணை கைக்கு வந்துவிட்டது.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துணை நூலகர் ஒரு சின்னக் கையேடு எழுதியிருந்தார், அதனால் எங்கள் நூற்பட்டியலில் அவரும் ஓர் ஆசிரியர். நூற்பட்டியலில் ஆசிரியர் பெயரோடு பிறந்த ஆண்டு, பிறகு ஒரு சிறு கோடு, கோட்டுக்குப் பின் காலி இடம். அந்த இடம் ஆசிரியர் இறக்கும் ஆண்டுக்காகக் காத்திருக்கும். தேர்வுக் குழு ஒன்று சொல்ல, நூற்பட்டியல் இன்னொன்று சொல்ல, பதிவுகள் முரண்படுவதை எந்த நூலகரும் பொறுக்கமாட்டார். மறுநாள் காலை அவர் பெயருக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நடப்பு ஆண்டைத் தட்டினேன். எங்கள் பட்டியலிலிருந்து எண்பத்திரண்டு நூலகங்கள் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குத் தானாகவே பிரதி எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டு நேரத்துக்குள் அவர் எண்பத்திரண்டு இடங்களில் காலமாகிவிட்டார்.

அதற்கு அடுத்த நாள் பயிற்சி முடிந்து பையோடு வந்து நின்றார்.

"வாழ்த்துகள் சார். ஆனா எனக்கு நேர்காணலுக்குக் கடிதமே வரலையே?"

"அடுத்த தடவை வரும்மா."

இரங்கல் கடிதங்கள் என் பெயருக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் என் கைப்பட நன்றி எழுதினேன். அந்த மரியாதையில் நான் குறை வைக்கவில்லை. இறந்தவர்களை யாரும் போனில் கூப்பிடுவதில்லை, அதனால் ஐந்து மாதம் காரியம் சுமுகமாக ஓடியது. ஒரே ஒரு முறை ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் அலுவலக எண்ணுக்குக் கூப்பிட, இந்த அம்மாவே எடுத்து "சொல்லுங்க சார்" என்றிருக்கிறார். அந்தப் பக்கம் போன் விழுந்து உடைந்த சத்தம் கேட்டதாம். "லைன் சரியில்ல போல" என்றார் என்னிடம். அவர் பெயரை எந்தப் பயிற்சிக்கும் அனுப்ப எனக்குத் துணிவில்லை. அதனால் நூலகத்திலேயே இருந்தார். தள்ளுவண்டிகள் எல்லாம் காலியாகிவிட்டன. கண்ணுக்கே பழகவில்லை.

பிறகு நூலகர் சங்கம் நினைவுப் பயிலரங்கு ஒன்றை அறிவித்தது. அழைப்பிதழை அவர்தான் முதலில் பார்த்தார்.

"சார், என் பேர்லயே இன்னொரு நூலகர் இருந்திருக்காங்க. பாவம், போயிட்டாங்க. நான் கலந்துக்கட்டுமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக "வேண்டாம்மா" என்றேன். விடுப்பு எடுத்துக்கொண்டு போனார்.

பதிவு மேசையில் நடந்தது சாட்சியத்தில் இருக்கிறது. மேசையில் இருந்த பெண் பெயர் கேட்டிருக்கிறாள். இவர் சொல்லியிருக்கிறார்.

"மேடம், அது பயிலரங்கோட பேரு. உங்க பேரைச் சொல்லுங்க."

"என் பேரும் அதுதாங்க."

"எந்த நூலகம்?"

அதையும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் திரும்பி மேடையைப் பார்த்திருக்கிறாள். அங்கே மூன்றடி உயரத்தில் இவருடைய படம், கறுப்பு நாடாவோடு. பேனா கீழே விழுந்ததாம். அவ்வளவு கூச்சலிலும் இந்த அம்மா மாலை வரை உட்கார்ந்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர், காலையில் இவருக்கு இரங்கலுரை வாசித்தவர்.

திரும்பி வந்து என் மேசை முன்னால் நின்றார். சத்தம் போடவில்லை.

"நான் ஊர்ல இல்லன்னு தேர்வுக் குழுகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"சொன்னா வேற தேதி குடுத்திருப்பாங்களேம்மா."

நியாயமான பதில்தான். ஏனோ அவருக்குப் போதவில்லை, உங்களிடம் வந்துவிட்டார்.

கடிதம், நூற்பட்டியல், இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். கடைசிக் குற்றச்சாட்டில்தான் பேரம் படியவில்லை. தலையைக் குனிந்ததோடு சரியா, வாய் திறந்தும் சொன்னீர்களா என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள். தேர்வுக் குழுத் தலைவர் "எப்போ?" என்று கேட்டார். "போன வாரம்" என்றேன். "எப்படி?" என்றார். "தூக்கத்திலேயே" என்றேன், அவர் கஷ்டப்பட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள், நானும் நின்றேன். அந்த ஒரு நிமிடம் என் கண்ணில் வந்த நீரைப் பொய் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஐயா. அவ்வளவு நல்ல உதவியாளர் இனி எனக்கு எங்கே கிடைப்பார் என்று நினைத்தபோது உண்மையாகவே தாங்க முடியவில்லை.