சாங் விரோட் பொருத்திய அலாரம்

மேடையில் அமர்ந்திருக்கும் பெருமதிப்புக்குரிய மடாலயத் தலைவர் அவர்களே, ஊர்த் தலைவர் சுத்தின் அவர்களே, பக்கத்துப் படகுத் துறைகளிலிருந்து வந்திருக்கும் படகுச் சங்கத்து நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் விரோட் அண்ணனின் மனைவி சோம்ஜித் அக்கா அவர்களே, என்னோடு கடலுக்குப் போகும் சகோதரர்களே! அனைவரையும் வணங்குகிறேன். சங்கத் தலைவர் மானித் முதலில் பேசட்டும் என்றார்கள். இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்க எனக்கு என்ன யோக்கியதை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேசாமல் இறங்கிப் போயிருப்பேன்.

நம் துறையின் தலைமை மெக்கானிக், கைதேர்ந்த வேலைக்காரர் என்ற பொருளில் கடற்கரை முழுவதும் 'சாங்' என்று மரியாதையோடு அழைத்த விரோட் அண்ணன், போன வாரம் என் படகில் உயிர் விட்டார். இன்ஜின் நின்றுபோன படகில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உயிர் விட்டார். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். சரி, மாரடைப்புதான். படகு ஏன் நின்றது என்பதை அவர்கள் எழுதவில்லை. இங்கே கருப்புச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் நம் அத்தனை பேருக்கும் அது தெரியும்.

நாம் ஓட்டுவது கார் இன்ஜின். பழைய காரிலிருந்து கழற்றி, வால் மாதிரி நீளமான தண்டும் அதன் முனையில் விசிறியும் மாட்டி, படகின் பின்பக்கம் ஒரு முளையில் உட்கார வைக்கிறோம். அதை முதன்முதலில் எனக்குப் பிரித்துக் காட்டியவர் விரோட் அண்ணன். கையெல்லாம் கரி, வாயில் ஒட்டரிசிச் சோறு. சோற்றை விழுங்காமலே பேசினார்.

"இங்க பாரு மானித். கீழ இருக்கிற இந்தத் தட்டுல ஆயில் நிக்கும். பம்ப் அதை உறிஞ்சும். ஃபில்டர்ல அழுக்கை விட்டுட்டு, உள்ள இருக்கிற சின்னச் சின்ன வழியா சுத்துற கிராங்குக்கும் அதைத் தாங்குற பேரிங்குக்கும் மேல வால்வு வரைக்கும் தள்ளும். வேலை முடிஞ்ச ஆயில் வழிஞ்சு திரும்பத் தட்டுக்கே வந்துரும். உள்ள இரும்பும் இரும்பும் தொடவே கூடாதுடா. நடுவுல மெல்லிசா ஆயில் நிக்கணும். அது மேலதான் கிராங்க் மிதக்குது, உன் படகு தண்ணியில மிதக்குற மாதிரி."

"அப்புறம் ஏண்ணே நம்ம இன்ஜின் மட்டும் சீக்கிரம் போகுது?"

"கார்ல இது மட்டமா இருந்துச்சு. நீ என்ன பண்ற? மணல் திட்டு வந்தா, விசிறி இடிக்கக் கூடாதுன்னு கைப்பிடியை அமுக்கி வாலைத் தூக்குற. இன்ஜின் சாஞ்சிருது. ஆயில் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிருது. பம்போட வாய் இன்னொரு மூலையில இருக்கு. அது ஆயிலையா உறிஞ்சும்? காத்தைத்தான் உறிஞ்சும். நீயோ முறுக்கு முறுக்குன்னு முறுக்குற."

சொல்லிவிட்டு விடுகிற மனிதரா அவர்? ஒவ்வொரு படகின் தட்டையும் கழற்றி, ஆயில் ஒரேயடியாக ஓடிவிடாதபடி உள்ளே தடுப்புத் தகடு வைத்துப் பற்றவைத்தார். அது கொஞ்ச நேரம்தான் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு படகிலும் ஓர் அலாரம் பொருத்தினார். சாவியைத் திருப்பினால் கத்தும். இன்ஜின் ஓடி, ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கும். ஓடும்போது அழுத்தம் இறங்கினால் மறுபடி கத்தும். கத்தினால் வேகத்தைக் குறை, வாலை இறக்கு. இவ்வளவுதான் அவர் நம்மிடம் கேட்டது.

நாம் என்ன செய்தோம்? மணல் திட்டைத் தாண்டும்போதெல்லாம் அது கத்தியது. கத்தினால் சுற்றுலாப் பயணிகள் பயந்தார்கள், படகு மூழ்கப் போகிறதென்று குழந்தைகளைக் கட்டிப் பிடித்தார்கள். வடக்குத் துறைக்காரர்கள் நம்மைக் கேலி செய்தார்கள். இதே மண்டபத்தில் கூட்டம் போட்டோம். அலாரத்தின் ஒயரைக் கழற்றிவிடலாம் என்று சொன்னது யார்? நான். கை தூக்கியது யார்? நீங்கள். கை தூக்காமல் நின்றவர் ஒரே ஒருவர்.

"அது பயணிக்காகக் கத்தலடா, உனக்காகக் கத்துது," என்றார்.

"அண்ணே, உங்க இன்ஜினுக்கு வாய் ஜாஸ்திண்ணே, பொண்டாட்டி மாதிரி," என்று நான் சொன்னேன். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"படகு மூக்குல வண்ணத் துணி கட்டி, மாலை போட்டு, அங்க குடியிருக்கிற படகுத் தாயைத் தினமும் கும்பிடுறீங்க. நீங்க பின்னாடி உக்காந்து பண்றதை அவ பாத்துக்கிட்டுதான் இருக்கா," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருக்கலாம். என்னை நாலு பேர் முன்னால் அறைந்திருக்கலாம். இன்றைக்கு நான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

போன வாரம் தீவில் ஒரு ஜெனரேட்டரைச் சரிசெய்யப் போன இடத்தில் அவருக்கு நெஞ்சு வலித்தது. என் படகோட்டி ஏகச்சாய் அவரைத் தூக்கிப் படகில் கிடத்தினான். நீர் வற்றியிருந்த நேரம். சுற்றிப் போனால் நேரமாகும் என்று மணல் திட்டின் மேலேயே விட்டான். வாலைத் தூக்கினான், முறுக்கினான். அவன் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பீர்கள். படுத்திருந்த அண்ணன் கையை அசைத்தார்.

"ஏக், குறைடா. தட்டுது."

"நெஞ்சு தட்டுதாண்ணே? இதோ போயிரலாம், பேசாம படுங்க."

அவர் சொன்னது நெஞ்சை அல்ல. பேரிங்கை. ஆயில் வற்றி இரும்பு இரும்பைத் தட்டும் சத்தம், அந்த வலியிலும் அவர் காதில் விழுந்திருக்கிறது. அவன் இன்னும் முறுக்கினான். திட்டைத் தாண்டி ஆழத்துக்கு வந்ததும் இன்ஜின் அப்படியே இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றது. மறுபடி அது அசையவே இல்லை. அடுத்த படகு வந்து கயிறு போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஏகச்சாயை யாரும் ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். கத்த வேண்டியதன் வாயைக் கட்டிவிட்டு அவனைக் கடலுக்கு அனுப்பியவன் நான். மனதறிந்து செய்த பாவமா என்று சிலர் என்னைத் தேற்றுகிறார்கள். மனதறிந்துதான் செய்தேன். அது எதற்காக இருக்கிறது என்று அவர் வாயாலேயே கேட்டுவிட்டுத்தான் செய்தேன்.

தகனம் முடிந்த மறுநாள் நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணனின் சாம்பலை நம் படகுகளில் ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கடலில் விட வேண்டும், அந்த உரிமையைச் சங்கத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அக்கா எழுந்து துறைக்கு நடந்தார்கள். படகு படகாக ஏறிச் சாவியைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு படகாவது கத்தியதா? ஒன்றும் கத்தவில்லை. நாங்கள் கரையில் தலை குனிந்து நின்றோம்.

"இதுல எதுலயும் அவரை ஏத்த மாட்டேன்," என்றார்கள். "வடக்குத் துறையில படகு பேசிக்கிறேன்."

நம் துறையைக் கட்டிக் காத்த மனிதர் அடுத்த துறைப் படகில் போவதா? இதைவிடப் பெரிய தண்டனை நமக்கு உண்டா? ஆனாலும் அக்கா சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை.

அன்றிலிருந்து ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. அவர் பட்டறையைத் திறந்து, எல்லாப் படகிலும் ஒயரை மறுபடி இணைத்தோம். துருப்பிடித்த அலாரங்களை மாற்றினோம். பிடித்துக்கொண்ட என் இன்ஜினைப் பிரித்து, கிராங்கைக் கடைந்து, புது பேரிங் போட்டான் ஏகச்சாய். சாப்பிடச் சொன்னாலும் கேட்கவில்லை. இந்த அவை முன்னால் சங்கத்தின் சார்பில் உறுதி சொல்கிறேன். அலாரம் கத்தாத படகு இனி இந்தத் துறையிலிருந்து புறப்படாது. அது என் படகானாலும் சரி. பயணிகள் பயந்தால், அது ஏன் கத்துகிறது என்று விரோட் அண்ணன் பெயரைச் சொல்லி விளக்குவோம்.

சோம்ஜித் அக்கா, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாளைக் காலை சாம்பல் புறப்படுகிறது. அதற்கு முன் ஒரு தடவை துறைக்கு வாருங்கள். ஒரு படகு வாய் திறக்காவிட்டாலும் வடக்குத் துறைக்கே போய்விடுங்கள், நாங்கள் தடுக்க மாட்டோம்.

பொறுங்கள். அக்கா எழுந்து நிற்கிறார்கள். ஒலிபெருக்கியை அவர்களிடம் கொடுங்கப்பா. வேண்டாமாம். என்னக்கா?

"நாளைக்கு எதுக்கு? இப்பவே போலாம். உன் படகுச் சாவியைக் கொடு மானித். முதல்ல அதைப் பாக்கணும்."

இந்தாருங்கள் அக்கா. அவையோரே, மன்னியுங்கள், உரையை இத்தோடு நிறுத்துகிறேன். அக்கா நடக்கத் தொடங்கிவிட்டார்கள். எல்லோரும் எழுந்திருங்கள், அவர்கள் பின்னால் போவோம்.