தலைவியின் முக்காடு

டீ நல்லா இருந்துச்சும்மா. இஞ்சி மட்டும் கொஞ்சம் தூக்கல்.

எழுதிக்கங்க இன்ஸ்பெக்டரம்மா. பேரு மாங்கேராம். எங்க பஞ்சாயத்துத் தலைவர் பதவி பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கினது. அதனால என் பொண்டாட்டி பதேரி நின்னா. போஸ்டர்ல என் படம்தான் போட்டோம்; வீட்டு மருமக முகத்தை ஊருக்கே காட்டினா நல்லாவா இருக்கும்? ஜெயிச்சோம். மாலையும் எனக்குத்தான் விழுந்துச்சு. அதுக்கப்புறம் நாற்காலியில நான், அடுப்படியில அவ. ஒரு சண்டை சச்சரவு கிடையாது.

போன வாரம் அவளுக்குப் புத்தி பிசகிடுச்சு. "பஞ்சாயத்து போர்வெல்லை நம்ம வயல்ல போடக்கூடாது, கீழத்தெருவுலதான் போடணும். கூட்டத்துக்கு நானே போறேன்"னா.

"போயி என்னத்தடி பேசுவ?"

"ஓட்டு கேட்டப்ப நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்களோ, அதையே சொல்றேன்"னா. பொம்பளைக்கு இவ்வளவு ஞாபகசக்தி ஆகாதும்மா.

அதிகாரி வேற, தலைவி நேர்ல வந்தாதான் கூட்டம் செல்லும்னுட்டாரு. வேற வழி? அவளை வயக்காட்டு வைக்கோல் அறையில வச்சுப் பூட்டினேன். தண்ணி, ரொட்டி, ஊறுகா எல்லாம் வச்சேன். நான் ஒண்ணும் ராட்சசன் இல்ல. அவ பாவாடையைக் கட்டி, முக்காட்டை நெஞ்சுவரைக்கும் இழுத்துவிட்டு நானே போனேன்.

கூட்டத்துல எனக்கு நாற்காலி போடல. தரையில உக்காரச் சொன்னாங்க. எங்க அண்ணன் தலேல் எழுந்து, "மாங்கே ஊர்ல இல்ல. தம்பி பொண்டாட்டிக்காக நான் பேசுறேன்"னாரு. புருஷனோட அண்ணன் முன்னால பொம்பளை குரல் எழுப்பக்கூடாது, அது எங்க வழக்கம். மீறினவங்களை நானே அதட்டி உக்கார வச்சிருக்கேன்.

"போர்வெல் என் வயல்ல இருக்கட்டும்னு எங்க வீட்டு மருமக பிரியப்படுது"ன்னாரு அண்ணன், கூசாம. நான் மாட்டேன் மாட்டேன்னு தலையை ஆட்டினேன். "பாருங்க, தலையாட்டிடுச்சு"ன்னு கைநாட்டு வைக்க மை டப்பாவை என் பக்கம் தள்ளினாங்க. "டேய் தலேல், நாசமாப் போறவனே"ன்னு முக்காட்டைத் தூக்கிட்டேன். மீசையைப் பார்த்து ஒரு பெருசு புகைச்சிட்டிருந்த ஹூக்காவையே கீழ போட்டுட்டாரு.

பதேரி எங்கன்னு திரும்பத் திரும்பக் கேக்கறீங்க. அன்னிலேருந்து அங்கதான் இருக்கா, எங்க போயிடப் போறா? தண்ணிகூட இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பூட்டினதும் நான்தான், வேஷம் கட்டினதும் நான்தான். ஒத்துக்கறேன். சாவி இடுப்புல பத்திரமா இருக்கு, அப்புறம் தர்றேன். முதல்ல என் புகாரை எழுதுங்கம்மா. ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரை, சொந்தக் கூட்டத்துல வாயே திறக்க விடல. இந்த அநியாயம் வேற எங்கயாவது நடக்குமா?