கண்ணாடியை ஏத்திக்குங்க

மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏர்கோன் இல்லாத காரை ஓட்டிட்டுப் போறவனைப் பார்த்தா எனக்கு எப்பவும் பாவமா இருக்கும், இன்ஸ்பெக்டர் சார். கிள்ளான் வெயில் உங்களுக்குத் தெரியாததா? காத்து வரட்டும்னு கண்ணாடிய இறக்குவான், லோரிப் புகையும் தூசியும்தான் வரும். அந்தக் கஷ்டத்தைத் தீர்க்கிறதுதான் என் பொழப்பு. ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால ரெங்கசாமி ஏர்கோன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. என் வேலையில குறைன்னு ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல.

என் தங்கச்சி சீதாலெட்சுமிய வெளிய பெஞ்சில உட்கார வச்சிருக்கீங்க. அவளுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுங்க, சீனி கம்மியா. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா. அப்பா அம்மா போனப்போ அவ பள்ளிக்கூடப் பிள்ளை. நான்தான் சடை பின்னிவிட்டேன், நான்தான் சோறு போட்டேன். அவளுக்காகவே நான் கல்யாணம் பண்ணிக்கல. அக்கம்பக்கத்துல விசாரிச்சுப் பாருங்க, அண்ணன்னா இப்படி இருக்கணும்னுதான் சொல்லுவாங்க.

மாப்பிள்ளைங்க வராம இல்ல. பூச்சோங்கிலேருந்து ஒரு வாத்தியார் வந்தார், நல்ல மனுஷன். அவர் அம்மாவைத் தனியா கூப்பிட்டு, எங்க பிள்ளைக்குச் சின்ன வயசுலேருந்து வலிப்பு இருக்குன்னு சொன்னேன். பொய்தான். ஆனா அந்தம்மாவுக்கு நாக்கு தேள் கொடுக்கு, அங்க போய் இவ என்ன பாடுபட்டிருப்பா? அதுக்கப்புறம் வந்தவனுக்கும் அதே வார்த்தையச் சொல்லி அனுப்பினேன். சீதா கொஞ்ச நாள் அழுதா. பிறகு தெலுக் பங்லிமா காராங்கில ஒரு ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனா. சாயங்காலம் ஃபேக்டரி பஸ்ல வந்து இறங்குவா, மீன் கறி வைப்பா, ரெண்டு பேரும் டிவி பார்ப்போம். எங்க வீடு நல்லாத்தான் போயிட்டிருந்தது.

அந்த ஃபேக்டரியில கணக்கு பார்க்கிறவர்தான் சீவரத்தினம். பிரிக்ஃபீல்ட்ஸ் சிலோன்காரர், பொண்டாட்டி செத்துப் போனவர். சீதாவைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னார். சிலோன், இந்தியான்னெல்லாம் நான் பார்க்கிறவன் இல்ல. வலிப்புக் கதைய அவர்கிட்டயும் சொன்னேன். மனுஷன் சிரிச்சார். "வந்தா நான் பார்த்துக்கிறேன் மச்சான்"னார். தாலி கட்டுறதுக்கு முன்னாலயே மச்சான். எனக்கு வயிறு எரிஞ்சது சார், அதை மறைக்கல.

அவர்கிட்ட ஒரு சிவப்புக் கார் இருந்தது. ரெண்டு கதவு, ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், எழுபத்திரெண்டு மாடல். ஏர்கோன் செத்து வருஷக்கணக்காச்சு. மழையிலயும் கண்ணாடிய இறக்கிவிட்டு, வலது தோள்ல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டே வருவார். "காரு ரேஸ் காரு, ஓட்டுறவர் மீன்காரர் லா!"ன்னு சீதா வாசல்ல நின்னு கேலி பண்ணுவா. அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல.

கல்யாணம் முடிஞ்சதும் ஈப்போவுல குடித்தனம்னு பேச்சு. அங்க அவருக்கு நல்ல வேலை கிடைச்சிருந்தது. ஒருநாள் சீதா எனக்குச் சோத்தைப் போட்டுக்கிட்டே, "அண்ணே, அவர் காருக்கு ஏர்கோன் சரி பண்ணிக் குடுங்களேன், கல்யாணச் சீரா நெனச்சுக்கிட்டு"ன்னு கேட்டா. அவ கேட்டு நான் இல்லேன்னு சொன்னதே கிடையாது.

மனசு வச்சுச் செஞ்சேன். டேஷ்போர்டைக் கழட்டினா உள்ள எலிக்கூடு, காஞ்ச இலை. கம்ப்ரஸர் இறுகிப் போயிருந்தது. பழைய குழாயெல்லாம் தொட்டா முறுக்கு மாதிரி நொறுங்கிச்சு. கம்ப்ரஸரைப் பிரிச்சுச் சரி பண்ணேன், குழாயெல்லாம் புதுசு போட்டேன், கூலிங் காயிலைக் கழுவினேன், கேஸ் ஏத்தினேன். குளிர் வெளிய போகக் கூடாதுன்னு கதவு ரப்பர், கண்ணாடி ரப்பர் எல்லாத்தையும் மாத்தினேன். அதை யாரும் கேட்கல, நானாத்தான் செஞ்சேன்.

எங்க ஒர்க்‌ஷாப்ல ஒரு பழக்கம். வேலை முடிஞ்சா முருகன் படத்துக்கு ஏத்துற ஊதுபத்தியில ஒண்ணை எடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, காருக்குள்ள அங்கங்க பிடிச்சுக் காட்டுவேன். புகை எங்க ஆடுதோ அங்க ஓட்டை. சின்ன வயசுல சீதா ஞாயித்துக்கிழமையில ஒர்க்‌ஷாப்புக்கு வந்தா, ஊதுபத்தி பிடிக்கிறது அவதான்.

அந்தக் காரில பிடிச்சேன். ஏர்கோன் குழாய் எஞ்சின் பக்கத்திலேருந்து உள்ள வர்ற இடத்துல, புகை படக்குன்னு என் முகத்துக்குத் திரும்பிச்சு. அங்க ஓட்டையை அடைக்க ஒரு ரப்பர் வளையம் இருக்கும். இத்துப் போயிருந்தது. போனெட்டைத் தூக்கிப் பார்த்தா, அதுக்கு நேரா எஞ்சின் புகை போற எக்ஸோஸ் குழாய் வெடிச்சு, சுத்திலும் கரி.

எக்ஸோஸ் புகையில வாசமே இல்லாத ஒரு விஷம் இருக்கு. தூங்க வச்சே ஆளை முடிச்சிடும். இத்தனை வருஷமா கண்ணாடிய இறக்கி ஓட்டினதாலதான் அந்த மனுஷன் உயிரோட இருந்தார். பாவம், அவருக்கே அது தெரியாது.

எக்ஸோஸ் எங்க வேலை இல்ல சார், அதுக்கு வேற கடை. ஆனா வழக்கமா ஒரு வார்த்தை சொல்லிடுவோம், "அண்ணே, முதல்ல அதைப் பாருங்க, ஏர்கோன் அப்புறம்"னு. சீவரத்தினத்துக்கு நான் சொல்லல. ஒரு மனுஷன் பேசாம இருந்தது குத்தமா? ரப்பர் வளையம் மட்டும் என் வேலைதான். டப்பாவுல புதுசும் இருந்தது. நான் பழசையே திரும்ப வச்சேன்.

எந்தக் காரையும் திருப்பிக் குடுக்கிற அன்னைக்கு நானும் கூட ஏறி, கண்ணாடிய மூடிக்கிட்டு, போர்ட் கிள்ளான் வரைக்கும் ஒரு ரவுண்டு போவேன். குளிர் நிக்குதான்னு பார்க்கணுமில்ல. "ஏறுங்க மச்சான்"னு அவர் கதவைத் திறந்துவிட்டார். முட்டி வலிக்குதுன்னுட்டேன். அன்னைக்குத்தான் நானும் முதல் தடவையா அவரை அப்படிக் கூப்பிட்டேன். "கண்ணாடியை நல்லா ஏத்திக்குங்க மச்சான், இல்லேன்னா குளிர் நிக்காது." அவருக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

ஞாயித்துக்கிழமை ஈப்போவுல வீடு பார்க்கக் கிளம்பினார். சீதாவும் சேலையெல்லாம் கட்டி, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சிட்டு ஏறப் போனா. நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன். "கல்யாணத்துக்கு முன்னால வெளியூருக்கா? ஊர் வாயை மூட முடியுமா? நாளைக்கு ரயில்ல நான் கூட்டிட்டுப் போறேன்."

"போன மாசம் இதே காரில பாசாருக்கு மீன் வாங்கப் போனேனே, அப்போ ஊருக்கு வாய் இல்லையா?"ன்னு கேட்டா. நான் கையை விடல. அவ என் முகத்தைப் பார்க்கல சார், பிடிச்சிருந்த என் கையைத்தான் பார்த்தா. சீவரத்தினம்தான், "அண்ணன் சொல்றதும் சரிதானே"ன்னு சிரிச்சிட்டுத் தனியா போனார். அப்பவே தூறல் போட ஆரம்பிச்சிடுச்சு.

ஈப்போ போற வழியில, தஞ்சோங் மாலிம் தாண்டி ரோட்டோரமா கார் நின்னுச்சாம். கொட்டுற மழை. எதுலயும் மோதல, தலை சுத்தி அவரே ஒதுக்கி நிறுத்தியிருக்கணும். எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. கதவைத் திறந்தப்போ உள்ள ஜில்லுன்னு இருந்துச்சுன்னு சொன்னாங்க. மாரடைப்புன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க, நானும் தலையாட்டினேன்.

அவர் ஆளுங்களுக்கு அந்தக் கார் வேண்டாமாம். நானே இழுத்துட்டு வந்து ஒர்க்‌ஷாப்ல நிறுத்தினேன். அந்த ரப்பர் வளையத்தை மாத்திடணும்னுதான் நெனச்சேன், கருமாதி அலைச்சல்ல கை ஓடல. சீதா திரும்பவும் மீன் கறி வச்சா. உப்பே இல்ல. நான் அப்படியே சாப்பிட்டேன். மனசு ஆறிடும்னு நெனச்சேன் சார், முன்னாடியெல்லாம் ஆறியிருக்கே.

நேத்து சோறு போடுறப்போ கேட்டா. "எல்லாக் காரிலயும் ஏறி ரவுண்டு போவீங்களே, அந்தக் காரில மட்டும் ஏண்ணே ஏறல?"

"முட்டி வலி."

"முட்டி வலிக்காரர் மறுநாள் கூரை மேல ஏறி ஓடு மாத்தினீங்களே."

நான் கையைக் கழுவிட்டு எழுந்திட்டேன்.

இன்னைக்குக் காலையில நான் தே குடிக்கப் போயிட்டு வரேன், ஒர்க்‌ஷாப்புக்குள்ள எஞ்சின் சத்தம். பார்த்தா சிவப்புக் காருக்குள்ள சீதா. கண்ணாடியெல்லாம் மேல ஏத்தியிருக்கு. கையில ஊதுபத்தி. புகை திரும்புறதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. ஐயோன்னு கத்திட்டேன். கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. ஸ்பேனரை எடுத்துக் கண்ணாடிய உடைச்சு அவளை வெளிய இழுத்தேன். கையில இந்தக் கட்டு, அப்போ கண்ணாடி கிழிச்சதுக்குப் போட்டதுதான்.

அவளுக்கு ஒண்ணும் ஆகல. என்னைத் தூரத்துல பார்த்த பிறகுதான் எஞ்சினைப் போட்டாளாம். ஊதுபத்தி இன்னும் அவ கையில புகைஞ்சுக்கிட்டிருந்தது. ரொம்ப அமைதியா கேட்டா.

"ஏண்ணே கண்ணாடிய உடைச்சீங்க? ஏர்கோனைத்தானே போட்டேன். நீங்க செஞ்ச ஏர்கோன்."

அவ சாவியை எடுத்துக்கிட்டு நேரா உங்ககிட்ட வந்துட்டா. நானும் பின்னாலயே வந்தேன், அவளைத் தனியா விடக் கூடாதுன்னு.

ஆமா சார், தெரிஞ்சேதான் அந்தப் பழைய ரப்பரை வச்சேன். அவர் சாவார்னு தெரியும். எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன். கொஞ்சம் சீக்கிரமா முடிச்சா நல்லது. அவளை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். பாவம், இப்போ என்னை விட்டா அவளுக்கு யார் இருக்கா?