மொட்டு மட்டும்

பூ எந்த நாளில் மலர்ந்தது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது, ஐயா. போன வாரம் மொட்டு, இந்த வாரம் பூ. நடுவில் ஒரு தேதியைக் கணித்து எழுதுவோம். இருபது வருடமாக எனக்கு அதுதான் வேலை. மேட்டுக்காட்டில் எண் கட்டிய நாற்பது மரங்களை வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

மனைவி படுக்கையில் விழுந்த பிறகு நான் போகவில்லை. போய்வர நான்கு மணி நேரம். வலிப்பு எப்போது வருமோ என்ற பயத்தில் அவளைத் தனியே விட மனம் வரவில்லை. மூன்று வருடம் வீட்டிலிருந்தே படிவங்களை நிரப்பினேன். அனுபவம் கை கொடுத்தது.

புதிதாக வந்த ஆய்வாளர் பெண் கெட்டிக்காரி. "பாலம் இடிஞ்சு கெடந்த மூணு வாரமும் மேட்டுக்குப் போயிருக்கீங்களேண்ணே, பறந்தா போனீங்க?" என்று சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "திங்கக்கிழமைக்குள்ள நீங்களே மேல சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லாருக்காது."

சொன்னால் வேலை போகும். கூடவே அலுவலகத்தை ஒட்டிய குடியிருப்பும், மனைவியின் மருந்தும் போகும். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவள் அசையவில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை எனக்கு.

தேனீ கொட்டினால் அந்த ஆய்வாளர் பெண்ணுக்கு மூச்சடைத்துவிடும். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்கான ஊசிமருந்து வெயிலில் கெட்டுவிடும் என்று பூக்காலம் தவிர மற்ற நாட்களில் மேசை இழுப்பறையிலேயே வைத்திருப்பாள்.

வியாழக்கிழமை மேட்டுக்குப் போனேன். நாற்பது மரமும் பூத்திருந்தன. தேனீக்களின் இரைச்சலில் காதடைத்தது. அடிவாரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாறையைச் சுற்றி ஏறினால் நேராக மரங்களுக்கு நடுவில்தான் நிற்போம். ஒவ்வொரு எண்ணுக்கு நேரேயும் 'மொட்டு மட்டும்' என்று எழுதினேன்.

"இனிமே பொய் எழுத மாட்டேம்மா. வேணும்னா நாளைக்கு நீயே போய்ப் பாரு" என்று படிவத்தை நீட்டினேன். அவள் கண் கலங்கியது.

"சந்தேகப்பட்டு போகலண்ணே. இப்ப ஒழுங்கா எழுதுறீங்கன்னு மேல சொல்றதுக்குத்தான் போறேன்."

வெள்ளிக்கிழமை அவள் கிளம்பியதும் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். ஊசிமருந்து அங்கேயே இருந்தது. மூடிவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன்.

கொன்றது நான்தான். மனைவிக்காகச் செய்தேன், வேறு வழியே இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த வியாழக்கிழமை மனைவியை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்கிறீர்கள். யாரும் இல்லை, கதவைச் சாத்திவிட்டுத்தான் போனேன். நான்கு மணி நேரம் கழித்து வந்து பார்த்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.